முட்டைக்கோஸ் போட்ட பக்கம் மட்டும் சின்ன வெங்காயம் எழவில்லை, வேம் போட்டும் பலன் இல்லை. ஏன்?

செம்மண்காடு:

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம், செம்மண். போன பட்டத்தில் வடபக்கம் முக்கால் ஏக்கரில் முட்டைக்கோஸ், தென்பக்கம் முக்கால் ஏக்கரில் மக்காச்சோளம். மாசிக்குள் இரண்டும் அறுவடை முடிந்துவிட்டது. கோடை உழவு இரண்டு தடவை ஓட்டிவிட்டுச் சும்மா போட்டிருந்தேன். வைகாசியில் மொத்தத்துக்கும் பார் பிடித்துச் சின்ன வெங்காயம் ஊன்றினேன். விதைக்காய் ஒரே பட்டறையில் எடுத்தது. அடியுரமும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்: தொழு உரமும், ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி.யும் (மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ் அதிகமுள்ள உரம்). தண்ணீரும் ஒரே சொட்டுநீர் லைன்.

இன்றைக்கு 36 நாள். தென்பக்கம் தாள் ஒன்றரைச் சாண் உயரம் வந்து, தூர் நன்றாக வெடித்திருக்கிறது. வடபக்கம் ஒரு சாணைத் தாண்டவில்லை. தாள் மங்கலான கரும்பச்சை, நுனி காய்கிறது. முட்டைக்கோஸ் எந்தப் பாரில் முடிந்ததோ அந்தப் பாரோடு கோடு போட்ட மாதிரி வித்தியாசம் தெரிகிறது. மண் பரிசோதனையில் பி.எச். (கார அமில அளவு) 8.1, மணிச்சத்து நடுத்தரம் என்று வந்திருந்தது.

25-ஆம் நாள் டவுனில் ஒரு கடையில் விசாரித்தேன். 'வேம் போடுங்கள், வேர் பிடித்துக்கொள்ளும்' என்று ஐந்து கிலோ தூள் கொடுத்தார்கள். தண்ணீரில் கரைத்து வடபக்கம் முழுவதும் மேலே ஊற்றினேன். அவசரத்தில் அன்றைக்கே இன்னொரு மூட்டை டி.ஏ.பி.யும் தூவினேன். இரண்டாலும் ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். முட்டைக்கோஸ் என் மண்ணை என்ன செய்தது? இந்த வேம் என்பது உரமா, மருந்தா, உயிருள்ள பொருளா? என்ன என்றே தெரியாமல் காசு கொடுத்து வாங்கிப் போட்டது மனதுக்கு உறுத்தலாக இருக்கிறது.

குழித்தட்டு:

அண்ணா, முதலில் மற்றதெல்லாம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வடபக்கம் பத்துச் செடி பிடுங்கி அடியைப் பாருங்கள். அழுகல் வாடை வருகிறதா? வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறதா? முட்டைக்கோசுக்குக் களைக்கொல்லி ஏதாவது அடித்தீர்களா? அந்தப் பக்கம் சொட்டுவாய் அடைத்திருக்கிறதா?

இப்போதைக்கு இலைவழி ஆல் 19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள, தண்ணீரில் கரையும் உரம்) ஒரு தெளிப்பு கொடுக்கலாம். மூலகாரணம் அதில் சரியாகாது, ஆனால் செடி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

செம்மண்காடு:

நன்றி தம்பி. நேற்று சாயங்காலமே பிடுங்கிப் பார்த்தேன். அழுகல் இல்லை, முடிச்சு இல்லை. களைக்கொல்லி அடிக்கவில்லை, கைக்களைதான். சொட்டுவாய் எல்லாம் நன்றாக ஓடுகிறது.

ஆனால் ஒன்று கவனித்தேன். வடபக்கத்து வேர் கழுவினால் சுத்தமான வெள்ளை. நன்றாக இருக்கிற தென்பக்கத்து வேர்தான் இளமஞ்சளாக இருக்கிறது. நல்ல செடிக்கும் ஏதோ நோய் வரப்போகிறதோ என்று இப்போது அந்தக் கவலை வேறு.

வேரடி டீச்சர்:

தம்பி, அந்த மஞ்சளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது நோய் இல்லை. நீங்கள் கடையில் காசு கொடுத்து வாங்கிய பொருள் உங்கள் தென்பக்கத்தில் ஏற்கெனவே குடியிருக்கிறது என்பதற்கு அடையாளம். வேம் (VAM) என்பது செடியின் வேருக்குள் வாழ்கிற ஒரு பூஞ்சை.

வெங்காயம், மக்காச்சோளம் இரண்டின் வேரிலும் இந்தப் பூஞ்சை புகுந்துவிட்டால் ஒரு மஞ்சள் நிறமி உண்டாகும். மண்ணைவிட்டு எடுத்த உடனே கழுவிப் பார்த்தால்தான் தெரியும். வெளிச்சத்தில் போட்டுவைத்தால் வெளுத்துவிடும். நீங்கள் சாயங்காலம் பிடுங்கிக் கையோடு பார்த்ததால் உங்கள் கண்ணில் பட்டது. மத்தியானம் வரப்பில் போட்டுவிட்டு அப்புறம் பார்த்திருந்தால் இரண்டு வேரும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கும்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். பாடப்புத்தகத்தில் இந்தப் பூஞ்சைக்கு ஒரு பத்தி இருக்கும். பல வருடம் அந்தப் பத்தியை நானும் அப்படியே வாசித்துத்தான் கடந்தேன். ஒரு வருடம் மாணவிகளோடு சேர்ந்து உண்மையிலேயே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தோம். வெங்காய வேரைத் துண்டுதுண்டாக நறுக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் காய்ச்சி, கண்ணாடி மாதிரி ஆனதும் அலசினோம். வெள்ளை வினிகரில் நூற்றுக்கு ஐந்து பங்கு பேனா மை கலந்து, அதில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டோம். பிறகு வினிகர் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் அலசி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். (அந்தக் காரக் கரைசல் தோலையும் கண்ணையும் அரித்துவிடும். வீட்டில் முயல வேண்டாம்.)

வேரின் செல்கள் செங்கல் அடுக்கு மாதிரி நிறமே இல்லாமல் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே கறுப்பு நூல் ஒன்று ஓடியது. அந்த நூலில் இருந்து பக்கத்தில் இருந்த செல்லுக்குள் ஒரு கிளை போய், அங்கே இரண்டாகப் பிரிந்து, மறுபடி பிரிந்து, அந்தச் செல்லையே நிறைத்துக்கொண்டு ஒரு குட்டி மரம் நின்றது. லத்தீனில் இதற்கு வைத்த பெயரே 'குட்டி மரம்' என்று பொருள்படும் ஆர்பஸ்குல். ஒரு பெண் லென்ஸை விட்டு நகரவே மாட்டேன் என்றாள். எனக்கும் அன்றைக்குத்தான் அந்தப் பத்தி புரிந்தது.

கொடுக்கல் வாங்கல் நடக்கிற இடம் அந்தக் குட்டி மரம்தான். பூஞ்சை செல்லுக்குள் போகிறது என்றாலும் செல்லின் சவ்வைக் கிழித்துக்கொண்டு போவதில்லை. செடியே அந்தக் கிளை ஒவ்வொன்றையும் சுற்றிப் புதுச் சவ்வு நெய்து கொடுக்கிறது. அந்த மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கத்தில் இருந்து செடி சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது. அந்தப் பக்கத்தில் இருந்து பூஞ்சை மணிச்சத்தும், கூடவே துத்தநாகமும் தருகிறது. ஒரு குட்டி மரத்துக்குச் சில நாள்தான் ஆயுசு. அப்புறம் அந்தச் செல் அதைக் கரைத்துவிடும், பக்கத்துச் செல்லில் புதிதாக ஒன்று முளைக்கும்.

இதில் கொழுப்பு விஷயம் எனக்குப் பெரிய ஆச்சரியம். இந்தப் பூஞ்சையால் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாது என்பதும், செடிதான் அதையும் ஊட்டுகிறது என்பதும் 2017-இல்தான் உறுதியானது. நான் படித்த காலத்தில் சர்க்கரை மட்டும்தான் சொல்வார்கள். செடி இலையில் சமைக்கிற சாப்பாட்டில் நூற்றுக்கு நாலு பங்கில் இருந்து இருபது பங்கு வரைக்கும் இந்தக் குடித்தனத்துக்குப் போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு கொடுத்து செடி ஏன் அதை வைத்துக்கொள்கிறது? உங்கள் வெங்காய வேரையே பாருங்கள். தடியாக, நீளமாக, கிளை அதிகம் இல்லாமல் இருக்கும். வேர்த்தூவியும் மிகக் குறைவு. மணிச்சத்தோ மண்ணில் நகரவே நகராத சத்து. யூரியா தண்ணீரோடு ஓடிவரும், இது வராது. உங்கள் மண்ணின் பி.எச். 8.1. அந்த மாதிரி மண்ணில் சுண்ணாம்பு மணிச்சத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இருக்கிற மணிச்சத்தைச் சில நாளில் உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது. அதற்கு அப்பால் எவ்வளவு இருந்தாலும் அது வேருக்கு எட்டாது. பூஞ்சை இழை தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனால் வேரைத் தாண்டிச் சென்டிமீட்டர் கணக்கில் ஓடும். வேர் நுழைய முடியாத மண்துகள் இடுக்கெல்லாம் அது நுழையும்.

சரி, முட்டைக்கோசுக்கு வருகிறேன். அது உங்கள் மண்ணைக் கெடுக்கவில்லை, தம்பி. பூஞ்சைக்குச் சோறு போடவில்லை, அவ்வளவுதான். தரையில் வளர்கிற செடிகளில் நாலில் மூன்று பங்குக்கு இந்தக் கூட்டு உண்டு. முட்டைக்கோஸ், காலிபிளவர், நூல்கோல், முள்ளங்கி, கடுகு எல்லாம் சேர்ந்த குடும்பம் இந்தக் கூட்டை விட்டு எப்போதோ விலகிவிட்டது. இதற்கு வேண்டிய மரபணுக்களே அவற்றிடம் இப்போது இல்லை. பீட்ரூட்டும் அப்படித்தான். இந்தப் பூஞ்சையோ உயிருள்ள வேர் இல்லாமல் பிழைக்காது. வித்தாக மண்ணில் காத்துக்கிடக்கும். முளைத்து இழை நீட்டிப் பார்க்கும். வேர் கிடைக்கவில்லை என்றால் இருக்கிற கொழுப்பு தீர்ந்ததும் முடிந்துவிடும்.

உங்கள் வடபக்கத்துப் பூஞ்சைக்கு முட்டைக்கோஸ் காலத்தில் வேர் இல்லை. நீங்கள் கையால் களை எடுத்ததில் களைவேரும் இல்லை. அப்புறம் கோடையில் மூன்று மாதம் காடு வெறுமையாகக் கிடந்தது. இரண்டு உழவில் மிச்சம் இருந்த இழையும் அறுந்தது. தென்பக்கத்துக்கும் அதே வெயில், அதே உழவு. ஆனால் அங்கே மக்காச்சோளம் நாலு மாதம் பூஞ்சையை ஊட்டி வளர்த்து, வித்தும் வேர்த்துண்டுமாக மண்ணில் விட்டுப் போயிருந்தது. வெங்காயம் வேர் விட்ட உடனே அது வந்து சேர்ந்துகொண்டது.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துக் கரிசல் மண்ணில் இதையே பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். மழை ஈரத்தைச் சேமிக்க நிலத்தை ஒரு வருடத்துக்கு மேல் தரிசாகப் போட்டு, பிறகு சூரியகாந்தி, சோளம் என்று விதைத்தால் பயிர் எழும்பாது. மண்ணில் சத்து இருக்கும், செடியில் மணிச்சத்துக் குறையும் துத்தநாகக் குறையும் தெரியும். நீண்ட தரிசில் இந்தப் பூஞ்சை அருகிப்போவதுதான் காரணம் என்று 1987-இல் எழுதினார்கள். உங்கள் வடபக்கத்துக் கரும்பச்சைத் தாளும் நுனிக் காய்ச்சலும் அதே கதைதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து அந்தத் தூள். அது உயிர். ஆய்வகத் தட்டில் ரைசோபியம் (பயறு வேர்முடிச்சில் வாழ்கிற பாக்டீரியா) வளர்ப்பதுபோல இதைத் தனியாக வளர்க்க முடியாது. ஒரு செடியின் வேரில் வைத்துத்தான் பெருக்க வேண்டும். அதனால் பொட்டலத்தில் இருப்பது வெர்மிகுலைட் என்கிற கனிமத் துகள், பூஞ்சை வித்து, நறுக்கின வேர் எல்லாம் கலந்த கலவை. வேர் வந்து தொடுகிற இடத்தில் அது இருக்க வேண்டும். விதைக்காய் ஊன்றும்போது காய்க்கு அடியில் போட்டிருந்தால் வேலை செய்திருக்க வாய்ப்பு உண்டு. 25 நாள் கழித்து மேலே ஊற்றினால் மேல்மண்ணிலேயே தங்கிக் காயும். பொட்டலம் கடையில் எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்பதும் முக்கியம். கடைக்காரர் இது எதையும் சொல்லாமல் விற்றது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அன்றைக்கே டி.ஏ.பி. தூவியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். செடி மணிச்சத்துக்குப் பசியாக இருக்கும்போதுதான் வேரில் இருந்து ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிட்டுப் பூஞ்சையைக் கூப்பிடும். அது பட்டதும் பூஞ்சை இழை கிளைகிளையாகப் பிரிந்து வேரைத் தேடும். 2005-இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். சோளக்காட்டில் சுடுமல்லி பார்த்திருப்பீர்கள், அந்த ஒட்டுண்ணி விதை முளைப்பதும் இதே வாசனைக்குத்தான். சோளம் பூஞ்சையைக் கூப்பிடுகிற குரலை ஒட்டுக்கேட்டு அது வந்து ஒட்டிக்கொள்கிறது. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்துவிட்டால் செடி அந்தக் குரலை அடக்கிக்கொள்ளும், வந்த பூஞ்சைக்கும் கதவைச் சாத்தும். பூஞ்சையையும் நிறைய டி.ஏ.பி.யையும் ஒரே நாளில் போடுவது விருந்தாளியை அழைத்துவிட்டு வாசலைப் பூட்டுகிற மாதிரி.

இந்தப் பயிருக்கு இனி தம்பி சொன்ன இலைவழித் தெளிப்புதான், கூடவே கொஞ்சம் துத்தநாக சல்பேட்டும். மண்ணில் கொஞ்சநஞ்சம் மிஞ்சிய வித்து மெதுவாக வேரைப் பிடிக்கும், ஆனால் தென்பக்கத்தை எட்டாது. அறுவடை முடிந்ததும் வடபக்கத்தைச் சும்மா போடாதீர்கள். ஆடியிலேயே சோளமும் தட்டைப்பயறும் கலந்து நெருக்கமாக விதையுங்கள். மாட்டுக்குத் தட்டும் ஆச்சு, பூஞ்சைக்கு வேரும் ஆச்சு. ஒரு உதவி கேட்கிறேன்: நாலே நாலு பாரை மட்டும் விதைக்காமல் விட்டுவையுங்கள். அடுத்த வெங்காயத்தில் இரண்டையும் வைத்துப் பார்த்தால், நான் சொல்வது சரியா தவறா என்று உங்கள் மண்ணே காட்டிவிடும்.

மேல்மலை:

டீச்சர், நான் கொடைக்கானல் பக்கம். மரங்கள் எல்லாம் பூஞ்சை வழியாகப் பேசிக்கொள்ளும், தாய்மரம் குட்டிகளுக்குச் சாப்பாடு அனுப்பும் என்று வீடியோவில் பார்த்தேன். உண்மையா? எங்கள் பக்கம் பைன் மரத்தடியில் மழைக்காலத்தில் வருகிற காளானும் நீங்கள் சொல்கிற பூஞ்சையும் ஒன்றா? பைன் நாற்று வளர்க்கிறேன், அதற்கு வேம் போடலாமா?

வேரடி டீச்சர்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: பைன் நாற்றுக்கு வேம் வேண்டாம். அது வேறு கூட்டு.

வெங்காயத்தில் பார்த்த பூஞ்சை செல்லுக்குள் போகும், மேலே காளான் விடாது. பைன் வேரில் இருப்பது செல்லுக்குள் போகாது. வேர்நுனிக்கு உறை போட்ட மாதிரி வெளியே சுற்றிக்கொண்டு, செல்களுக்கு இடையில் மட்டும் வலை பின்னும். அதன் காளான்தான் நீங்கள் மழைக்குப் பிறகு பார்ப்பது. ஃபிராங்க் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1885-இல் 'மைக்கோரைசா', அதாவது பூஞ்சை-வேர் என்று பெயர் வைத்தது இந்த மாதிரி மரவேரைப் பார்த்துத்தான். பிரஷ்யாவில் டிரஃபிள் என்கிற விலை உயர்ந்த நிலத்தடிக் காளானை வளர்க்க வழி உண்டா என்று பார்க்கும் வேலை அவரிடம் வந்தது. அதைத் தோண்டப் போனவர் காட்டு மரங்களின் வேர்நுனி எல்லாம் பூஞ்சை போர்த்தியிருப்பதைக் கண்டார். அது நோய் இல்லை, மரத்துக்குப் பாலூட்டுகிற தாதி என்று அவர் சொன்னபோது நிறையப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

பைன் நம் மலைக்கு வெளியில் இருந்து வந்த மரம். அதன் பூஞ்சையும் அதோடு வந்ததுதான். சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி போட்ட காளான் உங்கள் பக்கம் பைன் அடியில் வரும், பார்த்திருப்பீர்கள். அது விஷம், குழந்தைகளைத் தொடவிட வேண்டாம். பூஞ்சை வராமல் பைன் மட்டும் போன இடங்களில் என்ன ஆனது என்பதற்கு போர்ட்டோ ரிக்கோ நல்ல உதாரணம். அந்தத் தீவில் பைன் நாற்று திரும்பத் திரும்ப நட்டும் மஞ்சளித்துக் குன்றிப்போனது. 1950-களில் வெளியில் இருந்து பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகுதான் எழுந்தது. உங்கள் நாற்றுப் பைக்கும் நன்றாக வளர்ந்த பைன் மரத்தடி மேல்மண் இரண்டு கைப்பிடி போதும்.

வீடியோ விஷயம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சூசன் சிமார்ட் செய்த சோதனை 1997-இல் வந்தது. பிர்ச் மரக் கன்றுக்கும் டக்ளஸ் ஃபிர் கன்றுக்கும் வெவ்வேறு அடையாளம் வைத்த கார்பனை ஊட்டி, ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போனதைக் காட்டினார். நிழலில் இருந்த ஃபிர் கன்றுக்குக் கூடுதலாகப் போயிற்று. இது பெரிய வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கார்பன் எவ்வளவு பூஞ்சை வழியாகப் போனது, எவ்வளவு மண் வழியாகப் போனது, பெற்ற கன்றுக்கு அதனால் எவ்வளவு நன்மை என்பதெல்லாம் காட்டில் பிரித்துக் காட்டுவது மிகக் கடினம். 2023-இல் இந்தத் துறையிலேயே இருக்கிற மூன்று பேர் வெளியான ஆய்வுகளை எல்லாம் எடுத்துப் பார்த்து, பொதுமக்களிடம் பரவியிருக்கிற கதை ஆதாரத்தைத் தாண்டிப் போய்விட்டது என்று எழுதினார்கள். தாய்மரம் தன் பிள்ளையை அடையாளம் கண்டு ஊட்டுகிறது என்பதை நான் மாணவிகளிடம் சொல்ல மாட்டேன்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2011-இல் வந்த ஒரு சோதனை. ஒரே வேரில் இரண்டு வகைப் பூஞ்சையை விட்டார்கள். ஒன்று மணிச்சத்தைத் தாராளமாகத் தரும், இன்னொன்று தராமல் பதுக்கிக்கொள்ளும். தாராளமாகத் தந்த பூஞ்சைக்குச் செடி கூடுதல் சர்க்கரை கொடுத்தது. பூஞ்சையும் கூடுதல் சர்க்கரை கொடுத்த வேருக்கே கூடுதல் மணிச்சத்து கொடுத்தது. இது பாசம் இல்லை, நல்ல சந்தை மாதிரி. எனக்கு இதில் குறை எதுவும் தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரின் பாறையில் 40 கோடி வருடத்துக்கு முந்தைய செடிகள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு வேர் என்று சொல்லும்படிகூட ஒன்றும் இல்லை, தண்டுதான். அந்தத் தண்டின் செல்லுக்குள் நான் பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே குட்டி மரம் இருக்கிறது. வேர் வருவதற்கு முன்பே பூஞ்சை வந்துவிட்டது.

குழித்தட்டு:

டீச்சர், இதைப் படித்த பிறகு என் நாற்றங்கால் பற்றி யோசிக்கிறேன். மிளகாய், தக்காளி எல்லாம் தென்னை நார்க்கழிவில் போடுகிறோம். அதில் மண்ணே இல்லையே, பூஞ்சை எங்கிருந்து வரும்? இரண்டு வருடமாக நான் சொந்தமாக வேம் பெருக்குகிறேன். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லித்தரும் முறைதான். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி. கறுப்பு பாலித்தீன் விரித்து 50 கிலோ வெர்மிகுலைட், 5 கிலோ அவித்த மண். மேலாக்க ஒரு கிலோ தாய் வித்தைப் பரப்பி மக்காச்சோளம் விதைப்போம். உரம் கிராம் கணக்கில்தான்: இரண்டு கிராம் யூரியா, இரண்டு கிராம் சூப்பர் பாஸ்பேட், ஒரு கிராம் பொட்டாஷ். பிறகு 30, 45-ஆம் நாளில் பத்துப் பத்து கிராம் யூரியா. 60 நாளில் செடியை அறுத்துவிட்டு வேரைப் பொடிப்பொடியாக நறுக்கி எல்லாவற்றையும் கலந்தால் 55 கிலோ கிடைக்கும். மணிச்சத்தை ஏன் இவ்வளவு கஞ்சத்தனமாகப் போடச் சொல்கிறார்கள் என்று எனக்கு இன்றுதான் புரிந்தது.

ஒரு சந்தேகம். நாற்றுக்கு வேரழுகல் வரக்கூடாது என்று கார்பெண்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி ஊற்றுவோம். அது இந்தப் பூஞ்சையைக் கொல்லாதா?

வேரடி டீச்சர்:

கொல்லும், அல்லது பெரிதாக அடக்கிவிடும். ஊடுருவிப் பாய்கிற இந்த மாதிரிப் பூஞ்சாணக்கொல்லியை வேரில் ஊற்றினால் அதற்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்று வித்தியாசம் தெரியாது. நோய்ப் பூஞ்சையை அடக்குகிற டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சையைக் கலந்து, தண்ணீரைக் கட்டுப்படுத்திப் பாருங்கள். பொட்டலத்தையோ குழி வித்தையோ சோதிக்க ஒரு எளிய வழி: ஆவியில் அவித்து ஆறவைத்த மண்ணை இரண்டு பையில் நிரப்புங்கள். ஒன்றில் தூள் கலந்து, ஒன்றில் கலக்காமல் மக்காச்சோளம் போட்டு, ஆறு வாரத்தில் வேரைக் கழுவிப் பாருங்கள். தூள் போட்டது மஞ்சளாக இருந்தால் உயிர் இருக்கிறது. கடையில் வாங்கினாலும் இதைச் செய்யாமல் ஏக்கர் கணக்கில் போட வேண்டாம்.

செம்மண்காடு:

மார்கழி ஆகிவிட்டது, தாமதமாக வருகிறேன். அந்த வெங்காயம் தென்பக்கம் 71 மூட்டை, வடபக்கம் 43 மூட்டை வந்தது. டீச்சர் சொன்னபடி ஆடியில் வடபக்கம் சோளமும் தட்டைப்பயறும் விதைத்தேன். நாலு பார் மட்டும் சும்மா விட்டுக் களையும் வரவிடாமல் பார்த்துக்கொண்டேன். ஐப்பசியில் சோளம் அறுத்து, ஒரே ஒரு உழவு ஓட்டி, கார்த்திகையில் வெங்காயம் ஊன்றினேன். டி.ஏ.பி. பாதி மூட்டைதான், அதையும் காய்க்குப் பக்கவாட்டில் கீழே வைத்தேன்.

நேற்று 32-ஆம் நாள். சோளம் இருந்த இடத்தில் பத்துச் செடி, சும்மா கிடந்த பாரில் பத்துச் செடி. சாயங்காலம் பிடுங்கித் தொட்டியில் கழுவி, ஈர வெள்ளைத் துணியில் வரிசையாகப் பரப்பினேன். சோளப் பக்கம் ஏழு செடியில் மஞ்சள் நன்றாகத் தெரிந்தது. சும்மா கிடந்ததில் இரண்டில் மட்டும், அதுவும் நுனி விட்டு நடுவில் கொஞ்சம். உயரமும் அப்படியே பிரிகிறது. என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், அவள்தான் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதினாள். டீச்சர், இரண்டு பக்கத்து வேரையும் தனித்தனி டப்பாவில் ஈரத்துணி சுற்றிப் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். நீல மூடி சோளப் பக்கம், சிவப்பு மூடி சும்மா கிடந்தது.

வேரடி டீச்சர்:

டப்பா இரண்டும் பத்திரமாக வந்தது தம்பி. பழைய பள்ளிக்கூடத்தில் கேட்டு இன்று காலை ஆய்வகத்தைத் திறந்தோம். நீல மூடி: எடுத்த இருபது துண்டில் பதினாறில் இழை ஓடுகிறது, குட்டி மரம் பக்கத்துப் பக்கத்துச் செல்லில் அடுக்கடுக்காக இருக்கிறது. சிவப்பு மூடி: இருபதில் ஐந்து, அதிலும் இழை உள்ளே நுழைந்த புதுசு, குட்டி மரம் இரண்டு துண்டில்தான்.

மீதித் துண்டுகளைக் கழுவி வினிகரில் போட்டு வைத்திருக்கிறேன், கெடாது. அரையாண்டு விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவள் நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அவளே எண்ணிப் பார்க்கட்டும்.